காலாவதியான சான்று நம் கிணற்றைக் காக்காது!



1992-ல் நொய்யல் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்று கட்டினார்கள். தேங்கியதோ சாயக்கழிவு. கிணத்துத் தண்ணி உப்பாச்சு, பயிர் கருகிச்சு. ஆயக்கட்டு விவசாயிகள் விடாமல் வழக்கு நடத்தியதால்தான், கழிவே வெளியே வரக்கூடாது என்று 2006-லும், சாயப்பட்டறைகளை மூடு என்று 2011 ஜனவரியிலும் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

கோர்ட்டில் நம் கண்ணீர் சாட்சி சொல்லாது. தண்ணியில் எவ்வளவு உப்பு என்று சொல்லும் அறிக்கைதான் சாட்சி. அந்த அறிக்கை தரும் ஆய்வுக்கூடத்துக்கு அங்கீகாரம் வேண்டும். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் நிரந்தரப் பட்டா அல்ல. கெடு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். பணம் கட்டி முத்திரை வாங்குவதல்ல புதுப்பிப்பு. கருவி சரியாக அளக்குதா, ஆட்களுக்குப் பயிற்சி உண்டா, ஒரே தண்ணியைப் பல கூடங்களில் பார்த்தால் கணக்கு ஒத்து வருதா என்று வெளியார் வந்து சோதிக்க வேண்டும். எந்தெந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்ற பட்டியலும் உண்டு. உப்புக்கு வாங்கியது குரோமியத்துக்குச் செல்லாது.

முத்திரை போடாத தராசில் நிறுத்தால் கடைக்காரருக்கு அபராதம்! நம் தண்ணியை நிறுக்கும் கூடத்தைக் கேட்க மட்டும் நாதி இல்லையா? கெடு முடிந்த கூடத்து அறிக்கையை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் கிழிப்பார். லாபம் கழிவு விட்டவனுக்கு. நட்டம் நமக்கு.

1974 தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது? ஆலைக்காரர் முன்னிலையில் கழிவுநீர் மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அவர் கேட்டால் இரண்டாவது பாட்டில் வேறு கூடத்துக்குப் போகும். முறை தவறினால் முடிவு கோர்ட்டில் செல்லாது. ஆலைக்கு இத்தனை காப்பு! பயிரைப் பறிகொடுத்தவனுக்கு ஒரு பாட்டில்கூட இல்லையா?

அரசே!

1. ஆய்வுக்கூட வாசலில் அங்கீகாரக் கெடு தேதியையும் சோதனைப் பட்டியலையும் தமிழில் எழுதி வை!

2. கெடு முடியுமுன்பே புதுப்பி! காலியிடத்தில் ஆள் போடு, கருவியைப் பழுது பார்!

3. நம் கிணற்று மாதிரியில் ஒரு பாட்டிலைச் சீல் வைத்து விவசாயி கையில் கொடு!

விவசாயிகளே! அறிக்கை வாங்கும்போது அங்கீகார எண், கெடு தேதி இரண்டையும் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், ஊருக்கு ஊர் கிணத்துத் தண்ணியைப் பாட்டிலில் பிடித்து வட்டாட்சியர் அலுவலகம் முன் திரள்வோம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!