ஈமுவுக்கு எதற்கு விவேக்?

சதி நாவல்கள்தான் சாமானியனுக்கு அதிகாரத்தைச் சந்தேகிக்கக் கற்றுத்தந்தன என்கிறார் அந்தியூர் நண்பர். அவர் ரசனையோடு எனக்குச் சண்டையில்லை. அவர் விரும்பிப் படிக்கும் கோவை ராஜேஷ்குமார் 1500க்கும் மேல் நாவல்கள் எழுதியவர். சம்பந்தமில்லாத இரண்டு கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓட்டி, கடைசியில் முடிச்சுப் போடும் அந்தக் கைப்பக்குவம் லேசுப்பட்டதல்ல. அந்தியூரில் பஸ் ஏறினால் ஈரோடு வரும்வரை தலை நிமிராமல் நானும் படித்தவன்தான்.

ஆனால், சந்தேகிக்கவா கற்றுத்தந்தன? எல்லாத் தீமைக்கும் பின்னால் ஒரே மூளை, அதைப் பிடிக்க ராஜேஷ்குமாரின் துப்பறிவாளர் விவேக் போல ஒருவர், கடைசிப் பக்கங்களில் முழு விளக்கம். 2003இல் வந்த 'டாவின்சி கோட்' நாவல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் தொடங்கினாலும் வார்ப்பு இதேதான். வாசகன் சந்தேகிப்பதில்லை; அவிழ்த்துக் காட்டும்வரை காத்திருக்கிறான்.

நம் பக்கத்து நிஜத்தைப் பாருங்கள். 2012இல் பெருந்துறையில் ஈமு பண்ணைத் திட்டங்கள் கவிழ்ந்தன. ரகசியக் குறியீடு எதுவுமில்லை. சினிமா நடிகர்களை வைத்து விளம்பரம். முதலீடு செய்தால் மாதாமாதம் பணம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து. கேட்க வேண்டியிருந்தது ஒரே கேள்வி: ஈமு கறியை யார் வாங்குகிறார்கள்? பணம் கட்டியவர்களில் மாத நாவல் வாசகர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? கைவிடப்பட்ட பறவைகளுக்குக் கடைசியில் அரசாங்கம் தீவனம் போட வேண்டியதாயிற்று. மர்மமே இல்லாத இந்த மோசடியில் நண்பரின் விவேக் எதைத் துப்பறிவார்?