பழைய ஸ்லைடும் தளவிளைவு ஒளியும்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் தயாரான நுண்ணோக்கி ஸ்லைடுகள் பலவும் இன்றும் நல்ல நிலையில் கிடைக்கின்றன. 3 அங்குல நீளமும் 1 அங்குல அகலமும் கொண்ட கண்ணாடித் துண்டு; அதன்மேல் கனடா பால்சம் என்ற மரப்பிசினில் பதித்த உயிரி. ஈயின் நாக்கைப் பதிப்பதில் ஏமஸ் டாப்பிங் பெயர் பெற்றவர். பூச்சிகளை நசுக்காமல் முழு உருவில் பதித்தவர் பிரெடரிக் ஈனாக். சாதாரண ஒளியில் இவற்றில் பெரும்பாலானவை மங்கிய பழுப்பாகவே தெரியும்.

ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் வடிகட்டியான தளவிளைவாக்கி ஒன்றை ஸ்லைடுக்குக் கீழேயும் இன்னொன்றை மேலேயும் குறுக்காக வைத்தால் பின்னணி இருண்டுவிடும். உள்ளமைப்பில் ஒழுங்கு உள்ள பொருள் மட்டும் ஒளியை இரண்டாகப் பிரித்து, அந்த இருட்டில் மின்னும். 1828-ல் வில்லியம் நிக்கல் கால்சைட் படிகத்தில் செய்த பட்டகமே இதற்கு முதலில் உதவியது; இன்று மலிவான போலராய்டு தாளே போதும்.

எல்லா ஸ்லைடும் மின்னுவதில்லை. டயட்டம் என்ற நுண்பாசி, ரேடியோலேரியா என்ற ஒருசெல் கடலுயிர் ஆகியவற்றின் ஓடு படிக ஒழுங்கற்ற சிலிக்கா. குறுக்கு நிலையில் அவை கிட்டத்தட்ட மறைந்தே போகும். கடல் அட்டை இனமான சினாப்டாவின் தோலில் உள்ள நங்கூர வடிவ எலும்புத்துண்டு நேர்மாறானது. வளைவும் கொக்கியுமாக இருந்தாலும் ஒளியியலில் அது ஒற்றைக் கால்சைட் படிகம் போலவே நடந்துகொள்ளும். மேடையைச் சுழற்றினால் தண்டும் கொக்கிகளும் ஒரே நொடியில் அணைந்து, அங்கிருந்து 45 பாகை திரும்பும்போது ஒன்றாக மிகப் பிரகாசமாக ஒளிரும். பழைய ஸ்லைடுகளில் இதைவிட அழகான காட்சி அரிது. பூச்சிகளில் நிலைமை, பதித்தவர் கையாண்ட முறையைப் பொறுத்தது. காஸ்டிக் பொட்டாஷில் ஊறவைத்திருந்தால் தசை கரைந்து, கைட்டின் கூடு மட்டும் மிஞ்சியிருக்கும். ஊறவைக்காத தெள்ளுப்பூச்சியில் தசை இழைகளின் வரிகள்கூட ஒளிர்வதைக் காணலாம்.

இரு வடிகட்டிகளுக்கும் நடுவே மெல்லிய ஜிப்சம் தகட்டைச் செருகினால் பின்னணி செந்நிறமாகும். நார்கள் ஒரு திசையில் நீலமாகவும் அதற்குச் செங்குத்தான திசையில் மஞ்சளாகவும் மாறும். இந்த நிறங்கள் உயிரியின் சொந்த நிறங்கள் அல்ல, திசையைக் காட்டும் குறிகள். ஆகவே தகடு இல்லாமலும் ஒரு படம் எடுத்து வைப்பது முறை.

படமெடுக்கும்போது முதல் சிக்கல் மூடுகண்ணாடி. இன்றைய உயர்திறன் பொருளருகு லென்ஸ்கள் 0.17 மி.மீ. தடிமனுக்கு அமைந்தவை, பழைய மூடுகண்ணாடி அந்தக் கணக்குக்கு உட்படாது. குறைந்த உருப்பெருக்க லென்ஸில் இந்தத் தடிமன் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. தடித்த பூச்சியைப் பல குவியங்களில் எடுத்து இணைக்கும்போது வடிகட்டியையோ மேடையையோ அசைக்கக் கூடாது. அசைந்தால் நிறம் மாறி இணைப்பு கெடும். இருண்ட பின்னணியில் ஒளி குறைவு என்பதால் வெளிச்சமேற்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். தூசி மாவைத் தூவியதுபோல மின்னும், ஆகவே துடைக்காமல் தொடங்கக் கூடாது. ஆனால் சைலீன், ஆல்கஹால் வேண்டாம்: பிசினும் ஓரத்து வார்னிஷும் கரைந்துவிடும். நீர் தொட்டுப் பிழிந்த மென்துணி போதும், அதுவும் காகித லேபிளைத் தொடாமல்.