மெல்லிசு எண்டால் சுகமோ?

"உனக்கென்ன, என்னத்தைத் திண்டாலும் உடம்பு வைக்காது." கலியாண வீட்டுப் பந்தியில் ஒல்லியான பெடியனைக் கண்டால் யாராவது இதைச் சொல்லாமல் விடுவதில்லை. கொஞ்சம் பருத்த பிள்ளை இன்னொரு கப் பாயாசம் கேட்டால், எல்லாக் கண்ணும் அவளில்தான். இரண்டு தீர்ப்பும் பிழையாக இருக்கலாம்.

தராசு நிறையை மட்டும்தான் சொல்லும். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு எண்டு அதுக்குத் தெரியாது. 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு ஆய்வாளர்கள் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். ஒருவர் பூனேயின் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம்.

தெற்காசியர்களிடம் இது பரவலாக உள்ளது. கை கால் மெல்லிசு, தசை குறைவு, கொழுப்பு வயிற்றுக்குள். ஈரலிலும் குடலைச் சுற்றியும் சேரும் அந்தக் கொழுப்பு இன்சுலினை ஒழுங்காக வேலை செய்ய விடாது. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சீனியை இழுத்தெடுக்கத் தசையும் போதாது. சலரோகத்துக்கும் மாரடைப்புக்கும் வழி இப்படிச் சத்தமில்லாமல் திறக்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்கள் பி.எம்.ஐ. 23இலேயே கவனமெடுக்க வேண்டும் என்றது. 170 செ.மீ. உயரமானவருக்கு அது கிட்டத்தட்ட 66 கிலோ. அந்த நிறையில் ஒருவரை நாங்கள் குண்டு எண்டு சொல்லவே மாட்டம்.

என் கோபம் இதுதான். பருத்தவருக்குக் கேட்காமலே புத்திமதி கிடைக்கிறது. ஒல்லியானவரிடம் "ஒருக்கா சீனி பாரன்" எண்டு ஒருவரும் சொல்வதில்லை. அவருக்கு வருத்தம் தெரியவரும்போது பிந்திவிடுகிறது. பட்டினி கிடந்து மெலிவதும் இதுக்கு மருந்தில்லை. கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். முட்டை, மீன், பருப்பு தட்டில் கூட வேணும், சோறும் சீனியும் குறைய வேணும், பாரம் தூக்கும் பயிற்சியும் வேணும்.

வீட்டில் தையல் நாடா இருக்கும். இடுப்பை அளந்து பாருங்கோ. உங்கள் உயரத்தின் பாதியைத் தாண்டினால், தராசு என்ன சொன்னாலும் கவனம். குடும்பத்தில் ஆருக்கும் சலரோகம் இருந்தால், ஒல்லி எண்ட சாட்டை விட்டிட்டு ஒருநாள் காலமை வெறுவயித்தோட போய் இரத்தம் குடுத்துப் பாருங்கோ.