கயிற்றோடு காத்திருந்தவர்

பொங்கல் வந்தால் தேக்காவில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டுவார்கள். வேலிக்கு வெளியே நின்று பிள்ளைகளுக்குக் காட்டுவோம், படம் எடுப்போம். பஃப்ளோ ரோடு என்றும் கண்டாங் கெர்பாவ் என்றும் பெயரிலேயே எருமைகளைச் சுமக்கும் வட்டாரம் அது. ஆனாலும், அங்கு நான் பார்த்த மாடுகளெல்லாம் அமைதியாக அசைபோடுபவைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில் மதுரைக்குப் போயிருந்தேன். பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என ஜல்லிக்கட்டு வரிசையாக நடக்கும். விடியுமுன்பே அலங்காநல்லூருக்குக் கிளம்பினேன்.

வாடிவாசலில் முதலில் கோயில் காளையை அவிழ்த்துவிட்டார்கள். அதை யாரும் தொடவில்லை, கும்பிட்டு வழிவிட்டார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் காளைகள் பாய்ந்தன. திமிலை மட்டும்தான் அணைக்க வேண்டும். வாலையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது. அணைத்தவர் கீழே விழாமல் எல்லைக்கோடு வரை போனால் அவருக்குப் பரிசு. இல்லையென்றால், “மாட்டுக்காரர் வந்து பரிசை வாங்கிக்கங்க” என்று ஒலிபெருக்கி அழைக்கும்.

2014ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017ல் மெரினாவில் இளையர்கள் திரண்டபோது, இங்கே காப்பிக் கடையில் உட்கார்ந்து தடைக்கு எதிராக வாதாடியவர்களில் நானும் ஒருவன். தமிழகத்தின் சட்டத் திருத்தம் செல்லும் என்று 2023ல் தீர்ப்பு வந்தபோது மகிழ்ந்தேன்.

அலங்காநல்லூரில் என் கண்ணெதிரே ஓர் இளையரைத் தூக்குப்படுக்கையில் கொண்டு சென்றார்கள். இருபது வயதுகூட இருக்காது. அவர் முகத்தை நான் சரியாகப் பார்ப்பதற்குள் அடுத்த காளை வந்துவிட்டது. கூட்டத்தோடு சேர்ந்து நானும் கைதட்டினேன். கை ஓய்ந்த பிறகுதான் மனம் உறுத்தியது.

அங்கிருந்து எழுந்து, ஓடிவரும் காளைகளை உரிமையாளர்கள் பிடித்துக் கட்டும் இடத்துக்குப் போனேன். வயதான அம்மா ஒருவர் கையில் கயிற்றோடு நின்றிருந்தார். அவருடைய காளை புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. அவர் குரல் கொடுத்ததும் அப்படியே நின்றது.

“பரிசு கிடைச்சுதா அம்மா?” என்று கேட்டேன்.

“அது கெடக்கு தம்பி. மாடு காயமில்லாம வந்துருச்சு. உள்ள நிக்கிற புள்ளைகளும் இப்படியே வீட்டுக்குப் போகணும்” என்றார், காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே.

நான் இப்போதும் ஜல்லிக்கட்டு வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால், காப்பிக் கடை வாதங்களில் வீரர்களின் பாதுகாப்பைப் பற்றி ஒருமுறைகூட நான் பேசியதில்லை. இனிப் பேச வேண்டும்.