மாமாவுக்கு ரூம் கிடையாது!

காலேஜ் விட்டு வந்து, பேக்கைக் கட்டில்ல வீசிட்டு, ஃபேனைப் போட்டுச் சாயறீங்க. அப்போ பார்த்து அம்மா வாசல்ல நின்னு ஒரு குண்டு போடுறாங்க. “அடுத்த மாசம் அக்காவுக்கு வளைகாப்பு. முடிஞ்ச கையோட இங்கே அழைச்சுட்டு வந்துடுவோம். இந்த ரூமைக் காலி பண்ணுடா!”

போச்சா? ‘தாய்மாமன்’னு புரமோஷன் வந்த சந்தோஷம் ஒரே நிமிஷத்துல புஸ்ஸ்! (சித்தி ஆகப்போற தங்கச்சிகளுக்கும் இதே கதிதான்.)

சரி, அழுது முடிச்சுட்டீங்கன்னா மேட்டருக்கு வரலாம். உடனே பாக்கெட் மணியை எண்ணி, பிங்க் பெயின்ட், கரடி பொம்மை, மினுக்கு லைட்டுன்னு லிஸ்ட் போட ஆரம்பிச்சுடாதீங்க பாஸ். பச்சைக் குழந்தைக்கு ரூம் ரெடி பண்றதுன்னா பொருளைச் சேர்க்கிறது இல்லை... எடுக்கிறது!

நம்ப முடியலையா? பின்லாந்து நாட்டுல 1938-ல இருந்து தாய்மார்களுக்கு அரசாங்கமே ஒரு அட்டைப்பெட்டி கொடுக்குது. துணிமணி, சின்ன மெத்தை எல்லாம் அதுக்குள்ளே இருக்கும். பொருளையெல்லாம் எடுத்துட்டு மெத்தையைப் பெட்டியிலேயே விரிச்சா, அதுதான் பாப்பாவோட முதல் படுக்கை! நம்ம தமிழ்நாட்டுலயும் 2015-ல அரசு மருத்துவமனையில பிறக்கிற குழந்தைகளுக்கு 16 பொருள் கொண்ட பரிசுப் பெட்டகம் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அதுலயும் குட்டி மெத்தை, கொசுவலை உண்டு. அவ்வளவுதாங்க பாப்பாவோட தேவை!

எனவே, முதல் வேலை... கட்டிலுக்கு அடியில அகழாய்வு. அங்கே கிடக்கிற முதல் செமஸ்டர் ஜெராக்ஸ், ஒத்தைக் கால் ஷூ, கிழிஞ்ச கிரிக்கெட் கிளவுஸ் எல்லாத்தையும் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கே கொடுத்துடலாம். அவ்வளவு தொன்மை! அடுத்து, ஜன்னல் கம்பியில ஒரு விரல் வெச்சுத் தேய்ச்சுப் பாருங்க. நம்ம ஊர் ரோட்டுல சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் போற போக்குல, விரல் நுனி வெள்ளையாகும். இதைத் துடைப்பத்தால தட்டினா தூசி பறந்து திரும்ப அங்கேயே உட்காரும். ஈரத்துணியால துடைங்க. ஸ்க்ரீனைக் கழட்டித் துவைங்க.

ரெண்டாவது, பெயின்ட். இங்கேதான் ஒரு வில்லன் ஒளிஞ்சிருக்கான். பழைய கதவு, ஜன்னல்ல இருக்கிற எனாமல் பெயின்ட்ல ஈயம் இருக்கலாம். வீட்டுக்கு அடிக்கிற பெயின்ட்ல பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல ஈயம் இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல சட்டம் அமலுக்கு வந்ததே 2017 நவம்பர் 1-ல தான். உங்க வீட்டுக் கதவு அதுக்கு முன்னாடி பெயின்ட் அடிச்சதா? அப்போ உப்புத்தாளை எடுத்து வறட் வறட்டுனு தேய்க்காதீங்க. அந்தத் தூசி வயித்துல இருக்கிற குழந்தையோட மூளை வளர்ச்சியையே பாதிக்கும். ஈயத்துல ‘இந்த அளவு பரவாயில்லை’ங்கிற பேச்சே கிடையாது. பெயின்ட் உரியாம நல்லா இருந்தா, சுரண்டாம அது மேலேயே புதுசு அடிச்சுடலாம். உரிஞ்சு தொங்கினா, தண்ணி தொட்டுத் தேய்ச்சு, கீழே விழுந்ததை ஈரத்துணியால வழிச்சு எடுக்கணும். எதுவா இருந்தாலும் அக்கா வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே முடிச்சு, ஜன்னலைத் திறந்து வாடையை வெளியே அனுப்பிடுங்க. ‘வளைகாப்பு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’னு இழுத்தீங்கன்னா போச்சு. அரியர் மாதிரி இதைத் திரும்ப எழுத முடியாது!

மூணாவது, பாட்டியோட டிரங்குப் பெட்டி. தூளி கட்டறதுக்குன்னே அதுல பழைய காட்டன் புடவையைப் பத்திரமா வெச்சிருப்பாங்க, கூடவே அந்துருண்டையும். அந்த வாசனை நமக்குத் தீபாவளி ஞாபகம். பாப்பாவுக்கு அது விஷம். ஜி-6-பி-டி-ங்கிற நொதிக் குறைபாட்டோட சில குழந்தைங்க பிறக்குது. அந்துருண்டை வாடை பட்டா அதுங்களோட ரத்தச் சிவப்பணுக்கள் உடைஞ்சு, கடுமையான மஞ்சள் காமாலை வந்துடும். பார்த்தா தெரியாத குறைபாடுங்கிறதால எல்லார் வீட்டுலயும் உஷாரா இருக்கிறதே நல்லது. அந்தப் புடவை வேண்டாம். பீரோவுல இருக்கிற உருண்டையையும் பொறுக்கி வீட்டை விட்டே வெளியே போடுங்க.

தூளிக் கொக்கியையும் ஒரு கை பாருங்க. இருபத்தஞ்சு கிலோ அரிசிச் சிப்பத்தைத் தொங்கவிட்டு ஆட்டினா தெரிஞ்சுடும், கொக்கி பாஸா ஃபெயிலானு. ஆனா, தூளி பக்கத்துல ஆள் இருக்கும்போது மட்டும்தான். அதுல உடம்பு வளைஞ்சு, தாடை நெஞ்சுல இடிச்சா, குட்டி மூக்குக்கு மூச்சு முட்டும். ராத்திரி தட்டையான, அமுங்காத மெத்தையில மல்லாக்கப் படுக்க வைக்கணும். புஸுபுஸு தலையணை, பொம்மை எதுவும் பக்கத்துல கூடாது. 1994-ல அமெரிக்காவுல ‘மல்லாக்கப் படுக்க வையுங்க’ன்னு பிரசாரம் ஆரம்பிச்சாங்க. அடுத்த பத்து வருஷத்துல, தூக்கத்திலேயே குழந்தைங்க திடீர்னு இறக்குறது ஏறக்குறைய பாதியா குறைஞ்சது. காசு செலவே இல்லாத வைத்தியம்!

கொசுவுக்கு? சுருள் வேண்டவே வேண்டாம். ஒரு சுருள் முழுசா எரிஞ்சா வர்ற நுண்துகள், 75-ல இருந்து 137 சிகரெட் புகையில இருக்கிற அளவுன்னு 2003-ல வந்த ஓர் ஆய்வு சொல்லுது. ரூமுக்குள்ளே யாராவது பீடி பிடிச்சா அந்த மாமாவை வாசலுக்குத் துரத்த மாட்டோமா? சுருளையும் துரத்துங்க. வலை போதும். சாம்பிராணிப் புகை போடணும்னு பாட்டி வந்தா, ‘பாப்பா தும்மும் பாட்டி’ன்னு தாஜா பண்ணுங்க.

கடைசியா ஒண்ணு. எல்லாரும் பாப்பாவையே பார்ப்பாங்க. நீங்க அக்காவையும் பாருங்க. ஆபரேஷன் ஆகியிருந்தா தரையில படுத்து எழுந்திருக்க முடியாது. கட்டிலை விட்டுக்கொடுங்க. கை எட்டுற இடத்துல தண்ணி சொம்பு, கண்ணைக் குத்தாத சின்ன லைட்டு, பாத்ரூம் வாசல்ல வழுக்காத மிதியடி. உங்க ரூம் மாடியில இருந்தா, கீழே இருக்கிற ரூம்தான் அவங்களுக்கு.

ஒரு நிமிஷம் யோசிங்க. அது யாரு ரூம்? பிளஸ் டூ பரீட்சைக்கு அக்கா விடிய விடியப் படிச்ச ரூம்தானே? கல்யாண மண்டபத்துல இருந்து அவங்க கிளம்பின அன்னிக்கு ராத்திரியே, நீங்க தலையணையோட போய்ப் பிடிச்ச இடம் அது. அலமாரி கதவுக்குள்ளே அவங்க ஒட்டின டைம்டேபிளோட பசைக் கறை இன்னும் இருக்கும். இப்போ நீங்க விட்டுக்கொடுக்கலை, திருப்பிக் கொடுக்கறீங்க. அவ்வளவுதான்.

அப்போ உங்க படுக்கை? ஹால்ல பாய். படிப்புக்கு லைப்ரரி. ராத்திரி மூணு மணிக்கு ‘ங்ஙே’ன்னு அலாரம் ஃப்ரீ. ‘ஏர்லி மார்னிங் எழுந்து படிக்கிறேன்’னு நாலு வருஷமா அம்மாகிட்ட அள்ளி விட்டீங்களே... இனி நிஜமாவே எழுந்திருப்பீங்க, மாமா!