அன்னையின் பாரமா, அனைவரின் பணியா?

கத்தோலிக்க இல்லம் ஒன்றில் ஆண்டு முழுவதும் விழாக்களுக்குக் குறைவில்லை. குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலைச் சிலுவை, திருப்படத்தின் பின்னே ஓராண்டு காத்திருந்து, அடுத்த தவக்காலத்தில் சாம்பலாகி நம் நெற்றிக்கு வருகிறது. மே மாதம் தேவதாயின் வணக்க மாதம். அக்டோபர் செபமாலை மாதம். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைக்கு மலரும் மெழுகுதிரியும். டிசம்பரில் குடிலும் விண்மீனும் அதிரசமும். இவற்றினிடையே ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிபூசுதல், திருமணம், புதுவீடு மந்திரிப்பு என்று வாழ்வின் மைல்கற்கள். இவையெல்லாம் நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற அருஞ்சொத்து.

இந்தச் சொத்தைக் கட்டிக் காப்பவர் யார்? சிந்தித்துப் பார்த்தால், அநேக இல்லங்களில் ஒரே ஒருவர்தாம்: அன்னை! வீடு மெழுகுவதும், பலகாரம் சுடுவதும், உடை தைக்கக் கொடுப்பதும், நோன்பு நாளை நினைவூட்டுவதும், செபத்துக்கு அனைவரையும் அழைப்பதும் அவரே. அழைத்தபின் மாவு பிசைந்த கையோடு அவர் அடுப்படிக்குத் திரும்புகிறார். செபமாலைக்கு அவருடைய பதில் மட்டும் அங்கிருந்து கேட்கிறது. மற்றவர்களோ ஒரு கண் செபமாலையிலும் மறுகண் கைப்பேசியிலுமாக அமர்ந்திருக்கிறார்கள். அன்னை நோயுற்றால் அந்த ஆண்டு குடில் இல்லை. அவர் மறைந்தால் சில வீடுகளில் செபமே இல்லை.

நாளை இல்லம் நடத்தவிருக்கும் மாணவியராகிய நாங்கள் பணிவுடன் கூற விரும்புவது இதுதான்: ஒரு குடும்பத்தின் பக்தி மரபு வாழ வேண்டுமானால், வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் கைக்கும் அதில் ஒரு வேலை இருக்க வேண்டும். பார்த்தவன் மறப்பான், செய்தவன் மறவான்.

இது எங்கள் சொந்தக் கற்பனை அன்று. 1964-ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏடு, குடும்பத்தை ‘இல்லத் திருச்சபை’ என்று போற்றுகிறது. சொல்லாலும் முன்மாதிரியாலும் பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதன்முதல் அறிவிப்பவர்கள் பெற்றோர் என்றும் போதிக்கிறது. பெற்றோர் என்றால் இருவர். ஒருவர் உழைக்க மற்றவர் பார்த்திருக்கும் திருச்சபை எங்கே உண்டு?

இதற்கு அழகிய சான்று ஒன்று நம் கண்முன் உள்ளது. சிறுமலர் என நாம் அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாளை அறியாதார் நம்மில் இல்லை. அவருடைய பெற்றோர் லூயி மார்ட்டினும் செலியும் 1858-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில் மணம் புரிந்தவர்கள். லூயி கடிகாரத் தொழிலாளி. செலியோ அந்நகரின் புகழ்பெற்ற பின்னல் சரிகைத் தொழிலைத் தாமே நடத்தியவர். அவருடைய தொழில் வளர்ந்து பாரம் மிகுந்தபோது லூயி என்ன செய்தார் தெரியுமா? 1870-ஆம் ஆண்டில் தம் கடிகாரக் கடையை விட்டுவிட்டு, மனைவியின் தொழிலுக்குத் துணையாக வந்துவிட்டார்! ஆண் பிள்ளையின் கௌரவம் குறைந்துவிடும் என்று அவர் தயங்கவில்லை.

அவர்களுக்குப் பிறந்த ஒன்பது குழந்தைகளில் நால்வர் இளம் வயதிலேயே இறந்தனர். 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் செலியும் புற்றுநோயால் இறந்தார். அப்போது தெரேசாளுக்கு நான்கரை வயது. அந்த வீட்டின் செபமும் மகிழ்ச்சியும் அன்னையோடு அடங்கிவிட்டனவா? இல்லை. மூத்த சகோதரியர் தங்கைக்குத் தாயாயினர். லிசியே நகரில் குடியேறிய பின்னும் மாலை வேளைகளில் தந்தையுடன் விளையாட்டு, மூத்தவர்கள் படிக்கும் நல்ல நூல், தந்தையின் பாடல், பின்பு அனைவரும் கூடிச் செபம் என்று அந்த இல்லம் ஒளிர்ந்தது. சிறுமி தெரேசாள் தோட்டத்துச் சுவரின் மாடத்தில் தன் கையால் குட்டிப் பீடங்கள் அமைத்து அலங்கரித்தாள். எஞ்சிய ஐந்து மகளிரும் கன்னியராயினர். 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் லூயிக்கும் செலிக்கும் ஒரே விழாவில் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

“அவர்கள் வசதி படைத்தவர்கள், வீட்டில் பணிப்பெண்ணும் இருந்தாளே” என்று சிலர் கூறலாம். உண்மைதான். நாம் அவர்களிடம் கற்க வேண்டியது வசதியை அன்று, பங்கீட்டை. “இக்காலத்தில் தாய் தந்தை இருவரும் வேலைக்குச் செல்கிறார்கள், பிள்ளைகளுக்கோ பள்ளி முடிந்தால் டியூஷன், நேரம் ஏது?” என்பது மற்றொரு கேள்வி. நேரம் குறைவு என்பதனால்தான் பங்கீடு வேண்டும் என்கிறோம். நான்கு பேர் கூடினால் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை, ஒருவருக்கு ஓர் இரவு முழுவதும் ஆகிறதே!

நேரமில்லை என்பதற்கு மருந்தாக இன்று பணம் வந்திருக்கிறது. குடில் கடையில் கிடைக்கிறது; விண்மீன் கடையில் கிடைக்கிறது. புதுநன்மைக்கு மண்டபமும் விருந்தும் வாசலில் பேனரும் ஏற்பாடாகின்றன. கடன் வாங்கியும் இதைச் செய்யும் ஏழைப் பெற்றோர் உண்டு. அப்படிப்பட்ட விழாவில் நன்மை வாங்கும் பிள்ளைக்குப் புகைப்படத்துக்கு நிற்பதைத் தவிர வேறு வேலை என்ன? முதல் குடிலை எண்ணிப் பாருங்கள். 1223-ஆம் ஆண்டு கிரேச்சியோ என்ற சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்கு அமைத்த அந்தக் குடிலில் விலையுயர்ந்த சுரூபம் எதுவும் இல்லை. வைக்கோல், ஓர் எருது, ஒரு கழுதை. விளக்கேந்தி வந்த துறவியரும் ஊர் மக்களும். அவ்வளவே! பலர் கூடிச் செய்ததனால் அந்த எளிய வழக்கம் உலகெங்கும் பரவி இன்றும் நிலைத்திருக்கிறது.

மற்றொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலையைப் பங்கிடும்போதும், “பெண் பிள்ளைதானே, அவள் கற்றுக்கொள்ளட்டும்” என்று மகளை மட்டும் அடுப்படிக்கு அனுப்பினால், பாரம் தோள் மாறியதே தவிரக் குறையவில்லை. அச்சு முறுக்குச் சுடத் தம்பிக்கும் கை உண்டு. செபமாலை முன்மொழியத் தங்கைக்கும் நா உண்டு. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது’ என்பது ஆண்பிள்ளைகளுக்கும் பொருந்தும் அன்றோ?

ஆகவே, வரும் திருவருகைக் காலத்தின் நான்கு வாரங்களையும் இப்படிப் பயன்படுத்தலாம். முதல் வாரம் மூங்கில் குச்சியும் வண்ணக் காகிதமும் கொண்டு அண்ணனும் தம்பியும் விண்மீன் கட்டட்டும். இரண்டாம் வாரம் சிறுவர்கள் சிரட்டையில் கேழ்வரகு விதைத்துக் குடிலுக்குப் பசும்புல் வளர்க்கட்டும். மூன்றாம் வாரம் தந்தை தலைமையில் அனைவரும் பலகாரம் செய்து, முதல் பங்கை எம்மதத்தவரானாலும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கட்டும். நான்காம் வாரம் குடில் கட்டும்போது பாட்டியும் தாத்தாவும் அருகிலிருந்து தங்கள் காலத்துக் கிறிஸ்துமஸ் கதைகளைக் கூறட்டும். அந்த மாலைகளில் கைப்பேசிகள் எல்லாம் ஒரு கூடையில் உறங்கட்டும். அன்னை எங்கே என்கிறீர்களா? அவர் செபமாலையின் தொடக்கத்திலிருந்தே நம் நடுவில் அமர்ந்திருக்கட்டும்!

அன்புப் பெற்றோரே, எங்களுக்கு விலையுயர்ந்த விழா வேண்டாம்; விழாவில் ஒரு வேலை தாருங்கள். அருமைத் தோழியரே, அந்த வேலையை முகம் சுளிக்காமல் ஏற்போம். நம் சகோதரர்களையும் அன்போடு உடன் அழைப்போம். நம் அன்னையர் அடுப்படியிலிருந்து அல்ல, நம் அருகே முழந்தாளிட்டுச் செபிக்கும் நாள் ஒவ்வோர் இல்லத்திலும் மலர இறைவன் அருள்புரிவாராக!