வெண்சுண்ணம் காத்த ஓவியம்

இங்கிலாந்தின் குளொஸ்ரர்ஷயர்ப் பகுதியிலே கெம்ப்ளி என்னுஞ் சிற்றூரில், 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த புனித மரியாள் தேவாலயம் ஒன்றுளது. பீடமிருக்கும் உள்மண்டபத்தின் வளைகூரையிலே கிறிஸ்து வானவில்மீது வீற்றிருக்கிறார். இருமருங்கும் அப்போஸ்தலர் பன்னிருவர் அண்ணாந்து நோக்குகின்றனர். ஈரச் சாந்தின்மேல் தீட்டப்பட்டமையால் வண்ணம் சுவரோடு ஒன்றிவிட்டது.

சமயச் சீர்திருத்தத்தின் பின் இவ்வோவியங்களை வெள்ளையடித்து மறைத்தனர். 1872இல் அவ்வெள்ளையை நீக்கியவர்கள், ஓவியத்தைக் காக்கும் ஆர்வத்தால் அரக்கு மெருகு பூசினர். அதுவோ நாளடைவிற் கறுத்து ஓவியத்தை மங்கச் செய்தது, 1950களிலேதான் அகற்றப்பட்டது. வேண்டாதார் பூசிய சுண்ணம் காத்தது. வேண்டியவர் பூசிய மெருகு கெடுத்தது!

பழமையைப் புதுப்பிக்கப் புறப்படுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பேன். ஆர்வம் மட்டும் போதாது. பொருளின் இயல்பறிந்து கைவைத்தலும், அறியாதவிடத்துக் கைவையாதிருத்தலுமே உண்மையான காவலாகும்.